அழித்த கேள்விக்குறி

போன மாதம் கல்லூரியிலிருந்து ஷர்மிளா மிஸ் போன் பண்ணினார். நான் ஓய்வு பெற்ற பிறகு தாவரவியல் துறைக்கு வந்தவர். செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கிற எங்கள் ஹெர்பேரியம் அறையில் நான் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறேன். அங்கே இருக்கிற தாள்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை இப்போது அவர் கையில்.

"அண்ணே, ஒரு சந்தேகம். மஞ்சள் கரிசலாங்கண்ணி தாள்ல லேபிள் உங்க கையெழுத்துதானே? அதுல ஒரு வார்த்தைக்குப் பக்கத்துல பென்சில்ல எதையோ எழுதி, ரப்பரால அழிச்ச தடம் இருக்கு. வெறுங்கண்ணுக்குத் தெரியல. கேமரா வெளிச்சத்துல பள்ளமாத் தெரியுது. என்ன எழுதியிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனாலும், "வயசாயிருச்சும்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு விளாங்குடி வீட்டில் மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. வீட்டில் கேட்டதற்கு வெயில் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்புக்கும் வெயிலைத்தான் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் வாத்தியார் இல்லை. துறையில் அட்டெண்டர். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த செடிகள் முருங்கை, வேம்பு, கறிவேப்பிலை, அவ்வளவுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த புண்ணியத்தில் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். முதல் சில வருஷங்கள் பாட்டில் கழுவினேன், அலமாரிகளில் அந்துருண்டை மாற்றினேன், டீ வாங்கி வந்தேன். பிறகு ஒருநாள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு லேபிள் எழுத உட்கார வைத்தார்கள். அங்கிருந்து நான் எழுந்திருக்கவே இல்லை.

ஒரு தாள் தயாராவது லேசுப்பட்ட வேலை இல்லை. செடியைப் பூவோடும் வேரோடும் எடுக்க வேண்டும். பழைய செய்தித்தாளில் விரித்து, ஓர் இலையாவது முதுகைக் காட்டும்படி திருப்பி வைத்து, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் வாரால் இறுக்க வேண்டும். தினமும் தாள் மாற்ற வேண்டும். ஒருநாள் மறந்தால் பூஞ்சணம் வந்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் பூச்சி அரிக்காமல் இருக்க விஷ மருந்தில் ஒரு முக்கு. அப்புறம் தடித்த வெள்ளைத் தாளில் ஒட்டி, தண்டு முரடாக இருந்தால் ஊசி நூலால் தைக்க வேண்டும். அந்த நூலை நான் செல்லூரில் ஒரு தறிக்காரர் வீட்டில் கேட்டு வாங்கி வருவேன், இழுத்தாலும் அறாது. உதிர்ந்த விதைகளைச் சின்னக் காகிதப் பொட்டலத்தில் போட்டுத் தாளின் மூலையில் ஒட்ட வேண்டும். எல்லாம் முடிந்து கடைசியில் வலது கீழ் மூலையில் லேபிள். பெயர், எடுத்த இடம், எடுத்தவர், காய்ந்தால் நிறம் போய்விடும் என்பதால் பூவின் நிறம். அதோடு, அந்தச் செடி அந்த வட்டாரத்தில் அரிதா, சாதாரணமா என்று ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் 'ரேர்' அல்லது 'காமன்' என்று எழுதுவோம்.

அந்த ஒரு வார்த்தைக்கு எஸ்தர் மேடம் ஒரு சட்டம் வைத்திருந்தார். எஸ்தர் மேடம்தான் எங்கள் துறைத் தலைவர். கசங்காத காட்டன் சேலை, காலில் ஆண்கள் போடுகிற தோல் செருப்பு, கழுத்தில் சங்கிலிக்குப் பதிலாகக் கயிற்றில் கட்டிய லென்ஸ். அவருடைய சட்டம் இதுதான்: கண்ணால் பார்த்ததைப் பேனாவால் எழுது. காதால் கேட்டதையும் மனதால் நினைத்ததையும் பென்சிலால் எழுது. வேறு கல்லூரிகளில் இந்த வழக்கம் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. எங்கள் அறையில் அதுதான் வேதம்.

மேடம் யாரையும் திட்டமாட்டார். என்னை "நீங்க" என்றுதான் சொல்வார். நான் எழுதியதில் சந்தேகம் வந்தால், அந்த இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போய்விடுவார். அதைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார். நாமாகப் போய்ப் பார்த்து, சரி செய்து, நம் கையாலேயே அந்தக் குறியை அழிக்க வேண்டும். சந்தேகம் தீர்ந்த பிறகு அழிக்கத்தான் அந்த ரப்பர். திட்டினால்கூடப் பரவாயில்லை, அந்தக் கேள்விக்குறியைத் தாங்கவே முடியாது.

ஒரு மாசி மாதம் மேடமும் நானும் கீழக்குயில்குடிப் பக்கம் போனோம். சமணர் மலை தெரிகிற தூரத்தில் ஒரு கண்மாய். கரையில் மடை, மடைக்குக் கீழே வாய்க்கால். மடையை அடைத்திருந்தாலும் கரையிலிருந்து கசிகிற தண்ணீர் அந்த வாய்க்காலை ஒரு நாற்பதடி தூரத்துக்குக் கோடையிலும் ஈரமாக வைத்திருந்தது. அந்த நாற்பதடியும் மஞ்சள். தரையோடு படர்ந்த கொடி, நீண்ட காம்பின் நுனியில் ஒற்றை ஒற்றையாகப் பூ. நடுவில் ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்து கருக்கரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தாள். பெயர் பஞ்சவர்ணம். சொந்த நிலம் இல்லாத குடும்பம், புருஷனும் இல்லை. களை எடுப்பு இல்லாத நாளெல்லாம் இந்தக் கீரைதான் அவளுக்குப் பிழைப்பு.

"மஞ்சப்பூக் கரிசாலை டீச்சரம்மா. செல்லூருக்குக் கொண்டுபோறேன். காமாலைக்குன்னு கேப்பாக, சும்மா கடைஞ்சும் சாப்புடுவாக."

"வேரோட ஒரு கொடி கிடைக்குமாம்மா?" என்று மேடம் கேட்டார்.

"வேரோடவா? வேரப் பிடுங்குனா அடுத்த வருசம் நான் எத அறுக்குறது? இது சாகாத செடி. மேல அறுத்தா கீழ துளுத்துரும். வேர்ல மட்டும் கைய வைக்கக் கூடாது."

மேடம் எதற்கென்று பொறுமையாக விளக்கினார். பஞ்சவர்ணம் பாதி மனதோடு ஓரத்திலிருந்து ஒரு கொடியை வேரோடு எடுத்துக் கொடுத்தாள். மேடம் பூவை லென்ஸில் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இது ஒரு பூ இல்ல சாமுவேல். ஓரத்துல இருக்கிற ஒவ்வொரு இதழும் தனிப் பூ. நடுவுல இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் தனிப் பூ. சூரியகாந்திக் குடும்பமே இப்படித்தான், ஒரு வீட்டுக்குள்ள ஒரு ஊரே இருக்கும்."

திரும்பி வரும்போது சொன்னார். "இது நம்ம மண்ணோட செடி. இந்த வறண்ட பக்கத்துல எம்புட்டு இருக்குன்னு எனக்குத் தெரியல. மூணு கண்மாய் போய்ப் பாத்துட்டு அந்த வார்த்தைய எழுதுங்க."

நான் போகவில்லை. அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. அது தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று கண்மாய் சுற்ற உடம்பு வணங்கவில்லை. போதாக்குறைக்கு எனக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு வேறு. கல்லூரிப் போர்டிகோவைச் சுற்றி இதே மஞ்சள் பூ. பெரிய வீடுகளின் சுற்றுச்சுவர் ஓரமெல்லாம் இதே மஞ்சள் பூ. ரோட்டு நடுவிலும் இதையே வைத்திருந்தார்கள். இதற்குப் போய் மூன்று கண்மாய் சுற்ற வேண்டுமா என்று நினைத்தேன். பேனாவை எடுத்து, 'காமன்' என்று அழகாக எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் வேலை பார்த்தவன் மேல் இந்தச் சின்னப் பூ விஷயத்தில்கூட நம்பிக்கை இல்லையா என்று தாளை அலமாரிக்குள் தள்ளினேன். மேடமும் கேட்கவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடின. மேடம் ஓய்வு பெற்றுப் போனார். கேள்விக்குறி அலமாரிக்குள்ளேயே இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் ஓர் அரசு அலுவலகத்திலிருந்து ஒருவர் ஃபைலோடு துறைக்கு வந்தார். அந்தக் கண்மாய் வாய்க்காலுக்கு சிமெண்ட் தளமும் சுவரும் போடப் போகிறார்கள். பஞ்சவர்ணமும் இன்னும் நாலு பெண்களும் மனுக் கொடுத்திருக்கிறார்கள். வேலையை நிறுத்தச் சொல்லவில்லை, கீரை முளைக்கிற அந்த நாற்பதடியை மட்டும் மண்ணாகவே விட்டுவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வேறு எங்கும் இந்தக் கீரை கிடையாது என்று மனுவில் எழுதியிருந்தது. அது உண்மையா என்று கல்லூரியில் கேட்டுவரச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள். வந்தவர் மரியாதையான மனிதர். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

"அந்தச் செடியப் பத்தி உங்ககிட்ட ரெக்கார்டு இருந்தா ஒரு ஜெராக்ஸ் குடுங்க, போதும்" என்றார்.

புதிய துறைத் தலைவர் வகுப்பில் இருந்தார். என்னையே எடுத்துக் கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். 'காமன்', பக்கத்தில் கேள்விக்குறி. நகலில் அந்தக் குறி விழுந்தால் அவர் கேட்பார். கேட்டால், போய்ப் பார்க்காமல் எழுதினேன் என்று சொல்ல வேண்டிவரும். வெளி ஆள் முன்னால், நாற்காலியில் உட்கார்ந்து ஒரு அட்டெண்டர் அதைச் சொல்ல வேண்டும். இழுப்பறையைத் திறந்தேன், ரப்பரை எடுத்தேன். நாலு தேய்ப்பு. தூளை ஊதினேன். தாள் சுத்தமாக இருந்தது.

நகலைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குங்க" என்றார். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவே இன்றைக்கு நாக்கு கூசுகிறது.

ஒரு மாதம் கழித்துப் பஞ்சவர்ணம் கல்லூரிக்கே தேடிக்கொண்டு வந்தாள். கையில் மனுவுக்கு வந்த பதில். அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். மேற்படி செடி சாதாரணமாக எங்கும் காணப்படும் செடி எனக் கல்லூரி ஆவணம் மூலம் தெரியவருவதால் கோரிக்கை ஏற்பதற்கில்லை என்று எழுதியிருந்தது. படித்து முடித்தேன்.

"எங்கும்னு போட்டுருக்காகளே, எங்கண்ணே? ஒரு எடத்தச் சொல்லுங்க, போய் அறுத்துக்கிறேன். மிசினு நேத்தே வந்து வாய்க்காலச் சொரண்டிப் போட்டுருச்சு. வேர்கூட மிஞ்சல."

அவள் சண்டைக்கு வரவில்லை. நிஜமாகவே இடம் கேட்டு வந்திருந்தாள். நானும் நம்பிக்கையோடு அவளைப் போர்டிகோவுக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கே படர்ந்து கிடந்த மஞ்சள் பூக்களைக் காட்டினேன். எடுத்துக்கொள், தோட்டக்காரரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

பஞ்சவர்ணம் குனிந்து ஓர் இலையைக் கிள்ளினாள். கசக்கி மோந்தாள். நுனியை மென்று பக்கத்தில் துப்பினாள்.

"இது அது இல்லண்ணே."

"பூ ஒண்ணுதானம்மா."

"பூவையா திங்கப் போறோம்? இலையப் பாருங்க. நம்மளுது ஒத்த நாக்கு மாதிரி நீளமா இருக்கும். இதுக்கு மூணு வெரலு இருக்கு, கோழிக்காலு கெணக்கா. இது எங்கிட்டோ வெளிநாட்டுலேருந்து அழகுக்குக் கொண்டாந்து வச்சது."

அவள் போன பிறகு புத்தகத்தைப் புரட்டினேன். அவள் சொன்னது அத்தனையும் சரி. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே மஞ்சள். ஆனால் எங்கும் இருந்தது வெளியிலிருந்து வந்த செடி. நம் செடி இந்தச் சுற்று வட்டாரத்தில் அந்த நாற்பதடியில் மட்டும்தான் இருந்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் லேபிள் எழுதிய எனக்கு ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. மேற்கே மலையடிவாரத்து ஈரத்தில் அந்தச் செடி இன்னும் இருக்கிறது என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. இந்த வரியை நீங்கள் பென்சிலால் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சவர்ணத்தின் மகள் அப்போது நர்சிங் முதல் வருஷம். கீரை நின்றதும் படிப்பும் நின்றது, மில்லுக்குப் போனாள். இது எனக்கு யார் மூலமாகவோ தெரியவந்தது. தெரிந்தும் நான் யாரிடமும் ரப்பரைப் பற்றிப் பேசவில்லை. எஸ்தர் மேடத்திடமாவது சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை அவர் வீட்டு வாசல் வரை போனேன். ஒரு தடவை டீ குடித்துவிட்டு வந்தேன், இன்னொரு தடவை மணி அடிக்காமலே திரும்பினேன். மூன்றாவது தடவை போனது அவருடைய அடக்கத்துக்கு.

கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் போகிறேன். தண்ணீர் விட ஆள் இல்லை என்று அவருடைய சொந்தக்காரர்கள் சமாதியைச் சுற்றிச் சுலபமாகப் படர்கிற செடியாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். மஞ்சள் பூ, கோழிக்கால் இலை. ஆயுசு முழுக்கச் செடிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்த மனுஷி அதற்கடியில்தான் படுத்திருக்கிறார். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அங்கே நிற்கிறபோது எனக்கு ஜெபம் வருவதில்லை.

ஷர்மிளா மிஸ் போன் பண்ணிய மறுநாள் காலையில் என் மகனின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் நாள் அதே கண்மாய். வாய்க்கால் சிமெண்டில் மொழுமொழுவென்று இருந்தது. மடையிலிருந்து கடைசி வரை நடந்தேன், ஒரு பச்சை இல்லை. இரண்டாம் நாள் அடுத்த கண்மாய். மூன்றாம் நாள் அதற்கடுத்தது. மேடம் சொன்ன மூன்று கண்மாய்களையும் பார்த்து முடித்தேன், பல வருஷம் தாமதமாக, முட்டி வலியோடு. எங்கும் இல்லை.

மூன்றாம் நாள் திரும்பி வரும்போது திண்டுக்கல் ரோட்டில், எங்கள் விளாங்குடிக்குப் பக்கத்திலேயே, ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் ஒரு பெண் குழாயைப் பிடித்துப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. பஞ்சவர்ணம்தான். அவள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததும் அதே கோழிக்கால் செடிக்குத்தான்.

"வாங்கண்ணே" என்று சிரித்தாள். "இங்கதான் தோட்ட வேலை. பூவு நல்லாத்தான் பூக்குது. திங்கத்தான் முடியாது."

வண்டியை நிறுத்தி இறங்கினேன். அவள் மனு தோற்றது என்னால்தான் என்று சொன்னேன். போய்ப் பார்க்காமல் எழுதியதையும், மேடம் போட்ட குறியையும், ரப்பரையும், எதையும் விடாமல் சொன்னேன். அவள் குழாயை அடுத்த செடிக்கு மாற்றிப் பிடித்தாள்.

"அந்தக் குறி இருந்திருந்தா நிப்பாட்டியிருப்பாகளா?"

"தெரியலம்மா. யாராவது ஒரு ஆள் நேர்ல வந்து பாத்திருக்கலாம்."

"வந்திருந்தா நான் காட்டியிருப்பேன்ல" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது நல்லதாயிற்று, சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே அழுதிருப்பேன். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அந்தத் தாள்ல ஒட்டியிருக்கது நம்மளுதுதானே? நான் எடுத்துக் குடுத்தது? அதப் பாக்க விடுவாகளா?"

போன வியாழக்கிழமை அவளைக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஷர்மிளா மிஸ்ஸிடம் அந்தப் பள்ளம் என்ன என்று சொன்னேன். அவர் என்னிடம் ஒரு சின்னத் திருத்தச் சீட்டை நீட்டினார். பழைய லேபிளில் கை வைக்கக் கூடாது, மறைக்கவும் கூடாது. திருத்தம் இருந்தால் தனிச் சீட்டில் எழுதி, லேபிளுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிற இடத்தில் ஒட்ட வேண்டும். தப்பும் திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், தாள் இருக்கிற வரைக்கும்.

பேனாவை எடுத்தேன். எழுத்து முன்போல முத்தாக வரவில்லை, ஆனாலும் எழுதினேன். முந்தைய குறிப்பு தவறு. போய்ப் பார்க்காமல் எழுதப்பட்டது. மூன்று கண்மாய்களில் தேடினேன், இப்போது இங்கே இல்லை. வேறுபாட்டை அடையாளம் காட்டியவர் பஞ்சவர்ணம். கீழே என் பெயரைப் போட்டு, அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தன் பெயர் வந்தபோது சேலைத் தலைப்பை இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

பிறகு தாளின் மேல் குனிந்தாள். இலை பழுப்பாகிவிட்டது. பூவில் மஞ்சள் கொஞ்சம்கூட இல்லை. தொடாமல் மோந்து பார்த்தாள்.

"அந்துருண்ட வாசந்தான் வருது" என்றாள். மூலையில் ஒட்டியிருந்த காகிதப் பொட்டலத்தைக் காட்டி, "இது என்னாண்ணே?"

"அன்னைக்கு உதிந்த வெதைம்மா."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். ஆசை தெரிந்த அந்த முகத்தை நான் இதற்குமுன் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், போர்டிகோவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது. "வெதை இருக்கா? நாலு குடுங்கண்ணே. நான் வேலை பாக்குற எடத்துல, தண்ணி விடுற பக்கமா ஒரு ஓரத்துல ஊண்டிக்கிறேன்."

"முளைக்காதும்மா" என்றேன். "பூச்சி அரிக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் மருந்துல முக்கியிருக்கு. நான்தான் முக்குனேன்."

அவள் அந்தப் பொட்டலத்தின் பக்கம் இன்னொரு தடவை குனிந்தாள்.

"சாகாத செடிண்ணே அது" என்றாள். பிறகு, தண்ணீர் விட நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.